சுகவாழ்வு மையம், கடலூர்: என் ஓட்டுநரோடு நான்கு முறை போய் வந்த பிறகு

கடலூர் முதுநகரில் மூன்று லாரிகளை வைத்துச் சரக்கு ஏற்றி அனுப்பும் சிறிய அலுவலகம் ஒன்றை நடத்தி வருகிறேன். என்னிடம் ஒன்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் ஓட்டுநர் ஒருவருடன், பால்வினை நோய்களுக்குச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைப் பிரிவுக்குக் கடந்த சில மாதங்களில் நான்கு முறை போய் வந்தேன். சுகவாழ்வு மையம் என்று பெயரிட்டிருக்கும் அந்தச் சேவையைப் பற்றிய மதிப்புரை இது. பிரியாணிக் கடைக்கும் கைப்பேசிக்கும் ஆயிரம் பேர் மதிப்பெண் போடுகிறார்கள். ஆனால் இங்கே சிகிச்சை பெற்றவர்கள் வெளியே வந்ததும் வாயை மூடிக்கொள்கிறார்கள், அதனால் அடுத்து நோய் வருபவருக்கு எங்கே போவது, அங்கே என்ன நடக்கும் என்று சொல்ல ஆளில்லாமல் போகிறது. அவரே முழுவதையும் படித்து, எழுதலாம் என்று சம்மதித்த பிறகுதான் இதை வெளியிடுகிறேன். எந்த மருத்துவமனை என்று நான் குறிப்பிடவில்லை. இதில் குறைகளையும் சொல்லப் போகிறேன், அவை ஒரு மருத்துவமனைக்கு மட்டும் உரியவை அல்ல. அதோடு, இந்த மையங்கள் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் ஒரே வழிகாட்டுதலில் நடப்பவை என்பதால், உங்கள் ஊர் அரசுத் தலைமை மருத்துவமனைக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

அவர் என்னிடம் இரண்டாவது முறையாக முன்பணம் கேட்டபோதுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. வெளிமாநிலச் சவாரி ஒன்று முடிந்து திரும்பிய நான்காம் நாள் அவருக்குச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் தொடங்கியிருக்கிறது. நம் ஊரில் எல்லோரும் சொல்வதைப் போலவே அவரும் அதை உடம்புச் சூடு என்று எண்ணி, இளநீரும் ஊறவைத்த வெந்தயமும் நீர்மோருமாக இரண்டு நாள் ஓட்டியிருக்கிறார். மூன்றாம் நாள் காலையில் உள்ளாடையில் மஞ்சளாகக் கறை படிந்திருந்தது. ஆணுறுப்பின் நுனியில் கெட்டியாகச் சீழ் நின்றது. உடனே மருந்துக் கடைக்குப் போய் நீர்க்கடுப்பு என்று மட்டும் சொல்லி, கடைக்காரர் எடுத்துக் கொடுத்த சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையை மூன்று நாள் விழுங்கியிருக்கிறார். எரிச்சல் குறைந்ததும் நோய் தீர்ந்தது என்று நினைத்துவிட்டார். பத்தாம் நாள் அது திரும்பி வந்தது. இந்த முறை அவர் போனது, பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு விடுதி அறையில் மாதம் ஒருமுறை வந்து உட்காரும் வைத்தியரிடம். எதையும் கண்ணால் பார்க்காமலும், ரத்தமோ சீழோ எடுத்துச் சோதிக்காமலும், நாடியைப் பிடித்து, பால்வினை நோயின் பழைய பெயரைச் சொல்லி, "மேகம் எலும்புக்குள் இறங்கிவிட்டது" என்று அந்த ஆள் சொல்லியிருக்கிறார். ஒரு டப்பா சூரணத்துக்கும் ஒரு டப்பா லேகியத்துக்கும் 6,500 ரூபாய் வாங்கியிருக்கிறார். அந்தப் பணம்தான் என்னிடம் முதலில் வாங்கிய முன்பணம்.

நம் மொழியில் இந்த நோய்களுக்குப் பெயர்கள் பழையவை. சீழ் வடிவதை வெட்டை என்றும், புண்ணாக வருவதைக் கிரந்தி, மேகப்புண் என்றும் சித்த மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பறங்கியர் கடல் வழியே வந்த காலத்துக்குப் பிறகு பறங்கி வியாதி என்றொரு பெயரும் வழங்கியது. பரங்கிப்பேட்டை நம் மாவட்டத்திலேயே இருப்பதால் அந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடற்கரைதான் நினைவுக்கு வரும். அந்த மரபைப் படித்துப் பட்டம் பெற்ற சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள், அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. விடுதி அறைக்காரருக்கும் அவர்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சுவரொட்டியில் ஆண்மை, நரம்புத் தளர்ச்சி, மேகம் என்று மூன்றையும் ஒரே வரியில் அச்சடித்து அச்சத்தை விற்பவர்களை நம்பி, மருந்தால் சில நாளில் தீரக்கூடிய நோயோடு மனிதர்கள் வாரக்கணக்கில் திரிகிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

முதல் நாள் நாங்கள் பதிவுச் சீட்டு வாங்கும் இடத்திலேயே தடுமாறினோம். வரிசையில் பின்னால் இருபது பேர் நிற்க, கண்ணாடிக்குள் இருந்தவர் உரத்த குரலில் "என்ன தொந்தரவு, எந்த டாக்டரைப் பார்க்கணும்?" என்று கேட்டார். என் ஓட்டுநருக்கு நாக்கு எழவில்லை. "வயித்து வலி" என்று சொல்லிவிட்டார். பொது மருத்துவப் பிரிவில் ஒரு மணி நேரம் காத்திருந்து, அங்கிருந்த பயிற்சி மருத்துவரிடம் உண்மையைச் சொன்ன பிறகுதான் சரியான அறைக்கு அனுப்பப்பட்டோம். இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். சீட்டு வாங்கும்போது "தோல் பிரிவு" என்று சொன்னால் போதும். தோல் நோய்க்கும் பால்வினை நோய்க்கும் ஒரே துறைதான். உள்ளே போன பிறகு விவரத்தைச் சொல்லிக்கொள்ளலாம். காலையில் எழுந்ததிலிருந்து சிறுநீரை அடக்கிக்கொண்டு போவது நல்லது, குறைந்தது இரண்டு மணி நேரமாவது கழிக்காமல் இருந்தால்தான் சோதிப்பதற்குச் சீழ் கிடைக்கும்.

மருத்துவரின் அறையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மேசைக்குப் பின்னால் பச்சைத் துணித் திரை, அதற்கு அப்பால் ஒரு கட்டில், ஒரு விளக்கு. நான் வெளியே போகிறேன் என்று எழுந்தேன். "அண்ணே, நீங்க இருங்க" என்று அவர் என் கையைப் பிடித்துக்கொண்டதால், மருத்துவரின் அனுமதியோடு திரைக்கு இப்பால் உட்கார்ந்தேன். எத்தனை நாளாக இருக்கிறது, கடைசியாக எப்போது உறவு நடந்தது, ஆணோடா பெண்ணோடா, ஆணுறை போட்டிருந்தீர்களா, வாய்வழியாகவா, என்ன மாத்திரை ஏற்கெனவே சாப்பிட்டீர்கள், எந்த மருந்தாவது உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா என்று மருத்துவர் வரிசையாகக் கேட்டார். சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கும் அதே குரலில்தான் ஆணா பெண்ணா என்றும் கேட்டார். முகம் மாறவில்லை, குரல் ஏறவில்லை. "எங்கே போனாய், ஏன் போனாய்" என்ற கேள்வி அந்த அறையில் ஒருமுறைகூட எழவில்லை. நான் பார்த்தவற்றில் இந்தச் சேவையின் முதல் தகுதி இதுதான் என்பேன்.

சோதனையும் முழுமையாக நடந்தது. கையுறை அணிந்து, தொடையிடுக்கில் நெறிகட்டியிருக்கிறதா, விரைகளில் வீக்கமோ வலியோ இருக்கிறதா, முன்தோலை விலக்கினால் உள்ளே புண் இருக்கிறதா, ஆசனவாய் எப்படி இருக்கிறது, வாய்க்குள் எப்படி இருக்கிறது என்று பார்த்தபின், இரண்டு உள்ளங்கைகளையும் விளக்குக்குக் கீழே விரிக்கச் சொன்னார். சீழுக்கும் உள்ளங்கைக்கும் என்ன தொடர்பு என்று ஓட்டுநர் கேட்டதற்கு, சிபிலிஸ் என்னும் நோயின் இரண்டாம் கட்டத்தில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அரிப்பில்லாத செந்தடிப்புகள் வரும் என்றும், ஒரு நோயோடு வருபவருக்கு அவர் அறியாமல் இன்னொன்றும் இருக்கக்கூடும் என்றும் விளக்கினார். 6,500 ரூபாய் வாங்கியவர் நாடியைத் தவிர எதையும் தொடவில்லை.

நுனியில் இருந்த சீழைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். சாயமேற்றிப் பார்த்த ஆய்வக நுட்புநர், ஓட்டுநர் கேட்டுக்கொண்டதால் உருப்பெருக்கியில் கண்ணை வைத்துப் பார்க்கவும் விட்டார். சீழ் அணுக்களுக்குள்ளே இளஞ்சிவப்பாக, இரண்டு காபிக் கொட்டைகளை முகம் பார்த்து வைத்ததுபோல், சோடி சோடியாகக் கிருமிகள் இருந்தன என்று அவர் வெளியே வந்து சொன்னார். வெட்டை எனப்படும் கொனோரியாவை உண்டாக்கும் இந்தக் கிருமியை 1879இல் ஆல்பர்ட் நைசர் கண்டறிந்தார். தன் உடம்புக்குள் இருப்பது பாவமோ சூடோ அல்ல, மருந்துக்கு அடங்கக்கூடிய ஒரு கிருமி என்று கண்ணால் கண்ட பிறகுதான் என் ஓட்டுநரின் முகம் தெளிந்தது. எல்லா இடத்திலும் நோயாளிக்கு இப்படிக் காட்டுவார்களா என்று தெரியாது, அந்த நுட்புநருக்கு என் நன்றி.

மருந்துக் கடை மாத்திரை ஏன் பலிக்கவில்லை என்பதற்கும் அங்கேதான் விடை கிடைத்தது. கொனோரியாக் கிருமி தனக்கு எதிராக வந்த மருந்துகளை ஒவ்வொன்றாக வென்று வந்திருக்கிறது. சல்ஃபா, பெனிசிலின், டெட்ராசைக்ளின் ஆகியவற்றின் வரிசையில் சிப்ரோஃப்ளாக்சசினும் நம் நாட்டில் எப்போதோ வலுவிழந்துவிட்டது. அரைகுறையாகத் தின்ற மாத்திரை எரிச்சலைக் கொஞ்சம் தணித்து, நோயை உள்ளேயே வைத்துவிட்டது. இங்கே தரும் மருந்துகள் நிறம் குறித்த பெட்டிகளில் வருகின்றன. சீழ் வடிவதற்குச் சாம்பல் நிறம், புண்ணுக்கு வெள்ளை, பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவரின் புண்ணுக்கு நீலம், கொப்புளமாக வரும் ஹெர்ப்பிஸுக்குச் சிவப்பு, நெறிக்கட்டிக்குக் கறுப்பு என்று பிரித்திருக்கிறார்கள். சாம்பல் நிறப் பெட்டியில் அசித்ரோமைசின், செஃபிக்சிம் ஆகிய இரண்டும் இருந்தன, இரண்டையும் செவிலியர் கொடுத்த தண்ணீரில் அவர் முன்னாலேயே விழுங்க வேண்டும். ஒன்று கொனோரியாவுக்கு என்றால் இன்னொன்று கிளமிடியா என்னும் வேறொரு பால்வினை நோய்க்கு. இவ்விரண்டும் பல சமயம் சேர்ந்தே தொற்றுகின்றன, அறிகுறியிலும் ஒன்றுபோல் இருக்கின்றன. அதனால் பிரித்தறியும் சோதனைக்காக நாள் கடத்தாமல் இரண்டுக்கும் ஒரே வேளையில் மருந்து கொடுத்துவிடுகிறார்கள். பெட்டியின் நிறத்தை நான் எழுதியதைப் பார்த்து யாரும் கடையில் போய் இந்த மாத்திரைகளைக் கேட்க வேண்டாம். எந்தப் பெட்டி என்பதைப் பார்த்துச் சோதித்தவர்தான் முடிவு செய்ய வேண்டும், அப்படிச் செய்யாததன் பலனை மேலே படித்தீர்கள்.

பின்னர் ரத்தம் எடுத்தார்கள். சிபிலிஸ் சோதனை அந்தப் பிரிவிலேயே நடந்தது. எச்.ஐ.வி. சோதனைக்கு அதே வளாகத்தில் உள்ள நம்பிக்கை மையத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சோதனைக்கு முன்பே ஆலோசகர் பேசி, சம்மதம் பெற்ற பிறகுதான் ஊசி வைத்தார்கள். சம்மதமும் ரகசியமும் வெறும் நல்லெண்ணத்தால் வருபவை அல்ல, 2017இல் இயற்றப்பட்ட எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் அவற்றை உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில்தான், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால். அன்று தொற்று கண்டறியப்பட்ட, பாலியல் தொழிலில் இருந்த பெண்கள் பட்ட அவமானத்தோடு ஒப்பிட்டால் இன்று நாம் நெடுந்தூரம் வந்திருக்கிறோம்.

இனி நான் மிகவும் மதிக்கும் பகுதிக்கு வருகிறேன். மாத்திரை கொடுத்ததும் வேலை முடிந்தது என்று அவர்கள் நினைக்கவில்லை. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஆலோசகர் ஒருவர் பக்கத்து அறையில் உட்காரவைத்து, "தம்பி, உங்களுக்கு மட்டும் மருந்து கொடுத்தா இது தீராது. வீட்டுல இருக்கிறவங்களுக்கும் கொடுத்தாகணும்" என்றார். என் ஓட்டுநர் அதற்குத் தயாராகவே இல்லை. குடும்பம் உடைந்துவிடும் என்றார், மாத்திரையைப் பொடி செய்து பாலில் கலந்து கொடுத்துவிடலாமா என்றுகூடக் கேட்டார். ஆலோசகர் அதட்டவில்லை. ஆனால் அந்த எண்ணத்தை ஒரு கணமும் ஒப்புக்கொள்ளவும் இல்லை. உங்கள் மனைவிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது உங்களுக்குத் தெரியாது, அவர் கருவுற்றிருந்தால் சில மருந்துகளைக் கொடுக்கவே கூடாது, அவரையும் ஒரு மருத்துவர் பார்க்க வேண்டும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னார். பிறகு அவர் முன்னால் மூன்று வழிகளை வைத்தார். அவரே வீட்டில் சொல்லி அழைத்து வரலாம். அழைத்து வந்து மருத்துவர் முன்னிலையில் சொல்லலாம். இரண்டும் முடியாவிட்டால் ஒரு சீட்டு தருவார்கள், அதை மனைவியிடம் கொடுத்தால் மகப்பேறு, மகளிர் புறநோயாளர் பிரிவில் உள்ள மையத்தில் காரணம் கேட்காமல் பார்ப்பார்கள். பொய் சொல்லச் சொல்லவில்லை, மனிதரை மூலையில் தள்ளவும் இல்லை.

அவர் இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தார். மூன்றாம் நாள் அவருடைய மனைவி வந்தார். அந்த அறையில் என்ன பேசப்பட்டது என்பது அவர்களுக்குரியது, நான் கேட்கவும் இல்லை, எழுதப்போவதும் இல்லை. ஒன்றை மட்டும் அவர்கள் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன். சில வாரங்களாகவே அந்தப் பெண்ணுக்கு அடிவயிற்றில் வலி இருந்திருக்கிறது, அதை மாதவிலக்கு வலி என்று அவர் பொறுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆணுக்கு எரிச்சலும் சீழுமாக இந்த நோய் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். பெண்ணுக்குப் பெரும்பாலும் எதுவும் தெரியாது, தெரியும்போது கிருமி கருப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறியிருக்கலாம். கவனிக்காமல் விட்டால் குழாய் அடைபட்டுப் பிள்ளைப்பேறே இல்லாமல் போகலாம், கரு கருப்பைக்கு வெளியே தங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்கு அடிவயிற்று வலிக்குரிய மஞ்சள் பெட்டியில் 14 நாள் மருந்து கொடுத்தார்கள். மருந்துக் கடை வாசலில் நின்று தன் நீர்க்கடுப்புக்கு மட்டும் மாத்திரை வாங்கித் தின்னும் ஒவ்வோர் ஆணும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கணவனையும் மனைவியையும் சேர்த்தே நோயாளியாகப் பார்க்கும் ஏற்பாடு நான் கண்டவரை இந்த மையத்தில்தான் இருக்கிறது. நான் மதிப்பெண் போடுவதும் இதற்குத்தான்.

இருவரும் மருந்து முடித்து, குறைந்தது ஏழு நாள் கழியும்வரை உறவு கூடாது என்றார்கள். ஆணுறைகளை இலவசமாகக் கொடுத்து, அணியும் விதத்தை மர மாதிரியில் செய்து காட்டினார்கள். இரண்டு குழந்தைகளின் தகப்பனாகிய என் ஓட்டுநர், நுனியில் காற்றை அழுத்தி வெளியேற்ற வேண்டும் என்பதை அன்றுதான் அறிந்தார். ஏழாம் நாள் போனபோது சீழ் முற்றிலும் நின்றிருந்தது.

காத்திருந்த நேரத்தில் அந்தச் சுவரில் இருந்த படப் பலகையை நான் பலமுறை படித்தேன். நன்றாகத் தயாரிக்கப்பட்ட பலகை அது. வலியில்லாத ஒற்றைப் புண்ணைப் பற்றிய பகுதி என்னை மிகவும் யோசிக்க வைத்தது. சிபிலிஸ் புண் தொற்று நேர்ந்து ஏறக்குறைய மூன்று வாரத்தில் வரும், அடி கெட்டியாக இருக்கும், வலிக்காது. சில வாரங்களில் மருந்தே இல்லாமல் ஆறியும்விடும். ஆறிவிட்டதே என்று இருந்துவிட்டால் நோய் ரத்தத்தில் தங்கி, உள்ளங்கைத் தடிப்பாகவும், ஆண்டுகள் கழித்து இதயத்திலும் மூளையிலும் கேடாகவும் வெளிப்படும். ஆரம்பத்தில் பார்த்துவிட்டால் இடுப்பில் போடும் பென்சதின் பெனிசிலின் ஊசி ஒன்றே போதும். எரிச்சலோடு கொத்தாகக் கொப்புளங்கள் வந்து உடைந்து புண்ணாவது ஹெர்ப்பிஸ், அதற்குரிய மருந்து வேகத்தைக் குறைக்கும், ஆனால் கிருமி உடலிலேயே தங்கி அவ்வப்போது திரும்பி வரும். பூக்கோசு போல் வளரும் மருக்களை மருந்து தடவியோ உறையவைத்தோ நீக்குகிறார்கள். கிளமிடியா ஆண்களிலும் பலருக்கு எந்த அறிகுறியும் காட்டாது.

அந்தப் பலகையில் இல்லாத ஒன்றையும் மருத்துவர் சொன்னார். இளைஞர் ஒருவருக்கு ஒரு பக்க விரையில் திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால், அதைத் தொற்று என்று எண்ணி மாத்திரை தேடிக்கொண்டிருக்கக் கூடாது. விரை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் அதைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம் என்பதால், நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டும். அதேபோல் எச்.ஐ.வி. தொற்றியிருக்குமோ என்று அஞ்சும்படி ஏதேனும் நேர்ந்தால் 72 மணி நேரத்துக்குள் வந்தால் தடுப்பு மருந்து தொடங்க வழியுண்டு, எவ்வளவு விரைவாக வருகிறார்களோ அவ்வளவு நல்லது. எந்த நோயும் இல்லாமல் அச்சத்தோடு மட்டும் வருபவர்களும் நிறைய என்று ஆலோசகர் சொன்னார். ஆணுறுப்பின் விளிம்பைச் சுற்றி இயல்பாகவே இருக்கும் முத்துப் போன்ற சிறு மேடுகளைக் கண்டு நோயென்று பயப்படுபவர்கள், தூக்கத்தில் விந்து வெளியேறுவதை நோயென்று நம்பி விடுதி அறைகளில் பணத்தைக் கொட்டியவர்கள் எல்லாம் வருகிறார்களாம். அவர்களுக்கு மருந்தே தேவையில்லை, பத்து நிமிடப் பேச்சு போதும், அந்தப் பத்து நிமிடத்தை இங்கே காசில்லாமல் கொடுக்கிறார்கள்.

குறைகளைச் சொல்லாமல் விட்டால் இந்த மதிப்புரை நேர்மையாகாது. மையத்தின் பெயர் சுகவாழ்வு என்று இதமாக இருக்கிறது. ஆனால் அதே வாசலில் "பால்வினை நோய்" என்று ஓரடி உயர எழுத்தில் இன்னொரு பலகையும் தொங்குகிறது, அதற்கு நேர் கீழேதான் காத்திருக்கும் பெஞ்சு. எதிரில் மருந்து வாங்கும் வரிசை. அங்கே நிற்கும் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் பெஞ்சில் இருப்பவரைப் பார்க்கலாம். என் ஓட்டுநர் நான்கு முறையும் அந்தப் பெஞ்சில் உட்காராமல் படிக்கட்டில் நின்றார். பலகையை எடுத்துவிட்டு அறை எண்ணை மட்டும் எழுதினால் காசு செலவாகாது. காலைப் புறநோயாளர் நேரம் முடிந்துவிட்டால் அன்றைக்கு மருத்துவர் இல்லை. மீன்பிடித் துறைமுகத்திலும் சிப்காட்டிலும் நாள் கூலிக்குப் போகிறவர்கள் ஒரு நாள் சம்பளத்தை இழக்காமல் இங்கே வர முடியாது. வாரத்தில் இரண்டு மாலையாவது திறந்திருக்க வேண்டும். இரண்டாம் முறை போனபோது வேறு மருத்துவர் இருந்ததால், சொன்ன கதையை மீண்டும் முதலிலிருந்து சொல்ல நேர்ந்தது. அறிகுறியை வைத்துச் சிகிச்சை தரும் முறை என்பதால், அறிகுறியே இல்லாத கிளமிடியாவைத் தேடிப் பிடிக்கும் சிறுநீர்ச் சோதனை நாங்கள் போன இடத்தில் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். அது தேவைப்படுபவர்கள் பணம் கட்டித் தனியார் ஆய்வகத்தில்தான் செய்துகொள்ள வேண்டும்.

தனியாரிடம் போக வசதியுள்ளவர்கள் தாராளமாகப் போகலாம். ஆனால் பெயர்ப்பலகையில் டி.வி.எல். என்னும் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள், அது தோல், பால்வினை நோய், தொழுநோய் ஆகிய மூன்றையும் படித்ததற்கான பட்டம். தெரிந்த முகம் பார்த்துவிடும் என்று அஞ்சிக் கடலூர்க்காரர்கள் பலர் புதுச்சேரிக்குப் பேருந்து ஏறுவதும் எனக்குத் தெரியும். கோரிமேட்டில் ஜிப்மரில் தோல், பால்வினை நோய்த் துறை இருக்கிறது, அங்கே போவதிலும் தவறில்லை. ஏழாம் நாளும் மூன்றாம் மாதமும் திரும்பிப் போக வேண்டியிருக்கும் என்பதையும், மனைவியையும் அழைத்துப் போக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். தூரமான இடத்துக்கு முதல் நாள் போவது எளிது, மூன்றாம் முறை போவதுதான் கடினம்.

ஐந்துக்கு நான்கு என்று மதிப்பெண் போடுகிறேன். ஒன்றைக் குறைத்தது பலகைக்கும் நேரத்துக்கும். நான்கு முறை போனதில் பேருந்துச் செலவைத் தவிர ஒரு ரூபாயும் எங்களிடம் யாரும் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் எச்.ஐ.வி. சோதனையையும் சிபிலிஸ் சோதனையையும் மறுபடி செய்தார்கள். முதல் சோதனையில் தெரியாமல் போகும் இடைவெளிக் காலம் இருப்பதால் இந்த இரண்டாம் சோதனை கட்டாயம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இரண்டும் இல்லை என்று முடிவு வந்தது, கணவன் மனைவி இருவருக்கும். அன்று மாலை அலுவலகத்துக்கு வந்த ஓட்டுநர், வண்டிச் சாவிகள் தொங்கும் பலகைக்குப் பக்கத்தில் மையம் திறக்கும் நேரத்தையும், எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கட்டணமில்லா உதவி எண்ணாகிய 1097ஐயும் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஒட்டச் சொன்னார். ஒட்டி ஆறு வாரம் ஆகிறது. மற்ற ஓட்டுநர்களில் இருவர் என்னிடம் வந்து, தோல் பிரிவுக்கு எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று கேட்டுவிட்டார்கள்.